இன்ச்சா, சென்டிமீட்டரா? ஏரா, சென்ட்டா?

சென்ற இதழில் உள்கடன் வட்டிக் கணக்கு போடுவது எப்படி என்று பார்த்தோம். பல குழுக்களில் கூட்டத்திலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டோம், ரொம்ப சந்தோஷம். இந்த மாதமும் கணக்குதான். ஆனால் யாரும் பயந்து பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். முதலில் ஒரு கதை சொல்கிறோம். கதையில் தப்பு செய்தவர்கள் நாங்கள்தான்.

நம் கூட்டமைப்பில் தையல் தொழில் செய்யும் ஒரு குழுவுக்கு ஒரு கடையிலிருந்து 600 துணிப்பை ஆர்டர் வந்தது. அடியில் தையல் இல்லாமல், ஒரே துண்டை மடித்து இரண்டு பக்கமும் தைக்கிற பை. கடைக்காரர் கொடுத்த தாளைப் பார்த்து நாங்கள் குழுவுக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுத்தோம். அகலம் 30 செ.மீ., உயரம் 35 செ.மீ., பக்கத் தையலுக்கு 1.5. அந்த 1.5-க்குப் பக்கத்தில் செ.மீ. என்று எழுத விட்டுவிட்டோம். மேலே இரண்டு தடவை எழுதியாயிற்றே, புரியாதா என்ற எண்ணம்.

வெட்டுகிற வேலை பார்த்த அக்கா இருபது வருஷமாக ஜாக்கெட் தைப்பவர். ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை இன்ச் உள்துணி விடுவது அவருக்குக் கைப்பழக்கம். பின்னால் பிரித்து விட வேண்டுமே! 1.5 என்று பார்த்ததும் கை தானாக இன்ச் பக்கம் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது கணக்கைப் பாருங்கள். துணியின் அகலம், அதாவது பன்னா, 44 இன்ச். சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 112. பைக்கு வேண்டிய அகலம் 30. இரண்டு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் 33. குறுக்கே மூன்று துண்டு போட்டால் 99, தாராளமாக வரும். ஆனால் ஒன்றரை இன்ச் என்பது 3.8 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் விட்டால் ஒரு துண்டு 37.6. மூன்று துண்டுக்கு 112.8. ஒரே ஒரு சென்டிமீட்டர் இடிக்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டரால் மூன்று பை வர வேண்டிய இடத்தில் இரண்டு பைதான் வந்தது.

அக்கா எங்களுக்கு போன் செய்தார். "மேடம், குறுக்கால ரெண்டுதான் வருது, மூணு வரலயே." நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். "பாத்து செய்யுங்கக்கா, நீங்க பாக்காத வேலையா" என்று சொல்லி வைத்துவிட்டோம். இதுதான் எங்கள் இரண்டாவது தப்பு.

வாங்கிய துணி 150 மீட்டர். ஒரு வரிசைக்கு 75 சென்டிமீட்டர் நீளம், மொத்தம் 200 வரிசை, வரிசைக்கு மூன்று என்று 600 பை வர வேண்டும். 400 வெட்டியதும் துணி தீர்ந்துவிட்டது. மிச்சம் விழுந்த ஓரத்துண்டுகளை வேஸ்ட் துணி வியாபாரி கிலோ கணக்கில் எடுத்துப்போய்விட்டார். அது ஒவ்வொன்றும் 36 சென்டிமீட்டர் அகலம். சரியாக வெட்டினால் அதிலேயே ஒரு பை வரும்! மூலையில் கிடந்த கடைசி 60 துண்டு மட்டும் கிடைத்தது. மீதி 140 பைக்கு மறுபடி 36 மீட்டர் துணி, மீட்டர் 60 ரூபாய் என்று 2160 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஒரு பைக்கு செலவு போக 7 ரூபாய் நிற்கும், 600 பைக்கு 4200. அதில் பாதிக்கு மேல் துணிக்கே போயிற்று.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் வெட்டிய அக்காவைத்தான் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "என் சேமிப்புல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நஷ்டத்தில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், மீதியைக் குழுவின் பொது நிதியில் எடுப்பது என்று தீர்மானம் எழுதினோம். அக்காவின் சேமிப்பில் ஒரு பைசா கழிக்கவில்லை.

ஏன் இந்தக் குழப்பம் வருகிறது? நாம் ஒரே நாளில் இரண்டு அளவு முறையில் வாழ்கிறோம். பால் லிட்டரில், அரிசி கிலோவில், துணியின் நீளம் மீட்டரில். ஆனால் அதே துணியின் அகலம் இன்ச்சில், வீடு அடியில், நிலம் சென்ட்டில், நகை பவுனில். இந்தியாவில் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது 1956-இல். 1958 அக்டோபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக கிலோ, மீட்டர் நடைமுறைக்கு வந்தது. சேர், வீசை, மணங்கு எல்லாம் கடையைவிட்டுப் போய்விட்டன. வெள்ளைக்காரர் கொண்டுவந்த அடி, இன்ச், ஏக்கர் மட்டும் போகவே இல்லை. டி.வி. பெட்டியைப் பாருங்கள், 80 செ.மீ. என்று சட்டத்துக்காகப் போட்டுவிட்டு பக்கத்திலேயே 32 இன்ச் என்றும் போட்டிருப்பார்கள். கடையில் நாம் கேட்பது 32 இன்ச்தான்.

இரண்டு அளவும் இருப்பதில் தப்பில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிற இடத்தில்தான் பணம் விழுகிறது. அது பெரும்பாலும் நம் கைப்பணமாக இருக்கிறது.

தையல் டேப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 60 இன்ச், மறுபக்கம் 150 சென்டிமீட்டர். 1 இன்ச் என்பது 2.54 சென்டிமீட்டர். அவசரத்துக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். 1 அடி என்பது 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 1 மீட்டர் என்பது 39 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். நம் பாட்டிமார் சொன்ன கஜம் 36 இன்ச்தான். ஒரு மீட்டரும் ஒரு கஜமும் ஒன்று என்று நினைத்தால் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கஜம் வித்தியாசம் வந்துவிடும்.

இன்னொன்று, புள்ளி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இதுதான் பெரிய திருடன். சென்டிமீட்டரில் புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு. கொத்தனார் 10.6 என்று எழுதினால் அது 10 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் உண்மையில் அது பத்தரை அடி. தச்சர் 5.4 என்று எழுதினால் 5 இன்ச் 4 நூல். 8 நூல் ஓர் இன்ச் என்பதால் அது ஐந்தரை இன்ச். மூன்று பேருக்கும் புள்ளி ஒன்றுதான், அர்த்தம் மூன்று. கால்குலேட்டருக்கு இது தெரியுமா? 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று தட்டினால் அது 10.1 என்று எடுத்துக்கொள்ளும். 10.6-ஐவிடக் குறைவாகப் போய்விடும்! அறைக்கு டைல்ஸ் கணக்கு போடும்போது அங்குலத்தை 12-ஆல் வகுத்துவிட்டுப் பிறகு தட்டுங்கள். 6 அங்குலம் 0.5, 10 அங்குலம் 0.83.

இனி நிலத்துக்கு வருவோம். துணியில் போனால் ஆயிரம், இரண்டாயிரம். நிலத்தில் போனால் லட்சம்.

நம் உறுப்பினர் ஒருவர், பெயர் வேண்டாம் என்றார், போன வருஷம் ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து, அடுத்த வாரம் லீவு சொன்னார். பிறந்த வீட்டு நிலத்துக்கு அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அப்பா சொந்தமாக வாங்கிய நிலம். உயில் எழுதவில்லை, அம்மாவும் காலமாகிவிட்டார். இரண்டு அண்ணன், ஒரு அக்கா, இவர் என்று நான்கு பேர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட சொத்தில் நான்கு பேருக்கும் சம பங்கு. அந்தச் சட்டம் வந்ததும் அதே 1956-இல்தான். அண்ணன்மார்கள் பங்கு தர மாட்டோம் என்று சொல்லவில்லை. "மொத்தம் 81 சென்ட், தலைக்கு 20 சென்ட், சென்ட் பத்தாயிரம், உனக்கு ரெண்டு லட்சம் தர்றோம்மா" என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஊக்குநர்தான் கேட்டார், "81 சென்ட்டுன்னு யாருக்கா சொன்னது?"

"பட்டாவுலயே போட்டிருக்காம். ஆனா எங்கப்பா எப்பவும் ரெண்டு ஏக்கர், ரெண்டு ஏக்கர்ன்னுதான் சொல்வாரு. அளந்ததுல கொறஞ்சுபோச்சுன்னு அண்ணன் சொல்லுது."

இ-சேவை மையத்தில் சிட்டா நகல் எடுத்தோம். பரப்பு என்ற இடத்தில் 0 - 81.00 என்று இருந்தது. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஹெக் - ஏர் என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்தை அந்த வீட்டில் யாருமே படிக்கவில்லை.

ஏர் என்றால் நமக்குக் கலப்பைதான் ஞாபகம் வரும். இது வேறு. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அதாவது 100 சதுர மீட்டர் கொண்ட இடம் 1 ஏர். 100 ஏர் 1 ஹெக்டேர். 1 ஏக்கரில் 100 சென்ட் இருப்பதுபோல 1 ஹெக்டேரில் 100 ஏர். இரண்டிலும் நூறு வருவதால்தான் நம் கண் ஏமாந்துபோகிறது. ஆனால் 1 ஏர் என்பது 2.47 சென்ட். அப்படியானால் 81 ஏர் எவ்வளவு? 81-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 200 சென்ட். இரண்டு ஏக்கர்! அப்பா சொன்னது சரி. டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய கிரையப் பத்திரத்திலும் இரண்டு ஏக்கர் என்றே இருந்தது. நிலம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை, எழுதிய அளவுதான் மாறியது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது பட்டா கணக்கு ஹெக்டேருக்குப் போய்விட்டது. ஊர்ப்பேச்சு ஏக்கர், சென்ட்டிலேயே நின்றுவிட்டது.

தலைக்கு 20 சென்ட் இல்லை, 50 சென்ட். இரண்டு லட்சம் இல்லை, ஐந்து லட்சம். ஒரு கையெழுத்தில் மூன்று லட்சம் போயிருக்கும்.

அண்ணன் வேண்டுமென்று செய்தாரா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. பெரியவர் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததை நாங்கள் நேரில் பார்த்தோம். எங்களுக்கு அவரும் 81 சென்ட் என்றே நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சின்னவர் மூன்று மாதம் தங்கையிடம் பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த உறுப்பினர் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. பாகப்பிரிவினை செய்து தன் 50 சென்ட்டைத் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டார். இந்தப் பருவத்தில் மல்லாட்டை போட்டிருக்கிறார். அவருடைய அக்கா தன் பங்கை அண்ணன்களுக்கே விட்டுக்கொடுத்தார். ஆனால் 50 சென்ட் என்று தெரிந்துதான் விட்டுக்கொடுத்தார்.

ஒரு சென்ட்டுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டால் 435.6 என்பார்கள். இது என்ன விசித்திரமான எண் என்று நாங்களும் யோசித்ததுண்டு. அந்தக் காலத்தில் நிலத்தை சங்கிலி போட்டு அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. ஒரு சங்கிலி அகலமும் பத்து சங்கிலி நீளமும் உள்ள இடம் ஓர் ஏக்கர். 66-ஐயும் 660-ஐயும் பெருக்கினால் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு 435.6, அதுதான் சென்ட். ஆக 30-க்கு 40 மனை என்றால் 1200 சதுர அடி, அது இரண்டே முக்கால் சென்ட். மூன்று சென்ட் என்று சொல்லி விற்றால் நூறு சதுர அடிக்கு மேல் குறைகிறது என்று அர்த்தம். டெல்டாப் பக்கம் வாக்கப்பட்டுப் போன உறுப்பினர்களுக்கு மா, குழி, வேலி என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. அங்கே 3 மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். குழி இடத்துக்கு இடம் மாறும், அதனால் அதை வைத்துப் பணம் பேச வேண்டாம்.

வீடு கட்டுகிற உறுப்பினர்கள் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். 1 மீட்டர் 3.28 அடி. சரி. அப்படியானால் 25 சதுர மீட்டர் எத்தனை சதுர அடி? 25-ஐ 3.28-ஆல் பெருக்கி 82 என்று சொன்னவர்கள் நம்மிடையே நிறையப் பேர். 82 சதுர அடியில் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது! சரியான விடை 269. சதுர மீட்டரை 10.76-ஆல் பெருக்க வேண்டும். பிரதமரின் ஊரக வீடு திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர் என்பது இந்த 269 சதுர அடிதான்.

ஏன் 10.76 என்று சந்தேகம் இருந்தால் வாசலில் கோலமாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். அதற்குள் ஓர் அடிக் கட்டங்களாகப் போட்டு வாருங்கள். வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை, ஒன்பது முழுக் கட்டம் வரும். வலது பக்கமும் மேலேயும் ஒரு சாண்கூட இல்லாத பட்டை மிச்சம் இருக்கும். அந்தப் பட்டையைச் சேர்த்தால் இன்னும் ஒன்றே முக்கால் கட்டம். பத்தே முக்கால் ஆயிற்றா? நாங்கள் ஒரு பயிற்சியில் இதைப் போட்டோம். ஐந்தாவது வரை படித்த ஓர் அம்மா எல்லோருக்கும் முன்னால் விடை சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் புள்ளிக்கோலம் போட்ட கை அது.

மணலும் அப்படித்தான். லாரிக்காரர் சொல்லும் ஒரு யூனிட் 100 கன அடி. என்ஜினீயரின் மதிப்பீட்டில் கன மீட்டர் என்று இருக்கும். 1 கன மீட்டர் 35.3 கன அடி, அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 2.83 கன மீட்டர். லாரித் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பில் அளந்து அடியில் பெருக்கிப் பாருங்கள். ஏறி அளப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பணத்தைவிடப் பெரிது. ஒரு தாய் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 39.2 என்று பார்த்துவிட்டு, "நூறுகூட இல்ல, லேசான சூடுதான்" என்று இரவு முழுக்க வீட்டிலேயே குழந்தையை வைத்திருந்தார். அந்தக் கருவி சென்டிகிரேடில் காட்டியது. 39.2 என்பது நாம் சொல்கிற கணக்கில் 102-க்கும் மேல்! காலையில் அங்கன்வாடி டீச்சர் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார், குழந்தை நன்றாக இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் சி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சென்டிகிரேடு, எஃப் என்ற எழுத்து இருந்தால் ஃபாரன்ஹீட். சென்டிகிரேடில் 37 சாதாரணம், அது 98.6. 38 வந்தால் காய்ச்சல், அது 100.4. 39 என்றால் 102, 40 என்றால் 104.

நகைக்குக் குழப்பம் குறைவு, 1 பவுன் 8 கிராம். அடகு ரசீதில் கிராம்தான் இருக்கும், மொத்த எடை வேறு, கல் கழித்த எடை வேறு. 3 பவுன் வைத்தால் 24 கிராம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பை ஆர்டருக்குப் பிறகு அந்தத் தையல் குழுவில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்தத் தாள் வந்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் அளவின் பெயர் இல்லாவிட்டால் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. முதலில் ஒரு பை வெட்டி, தைத்து, ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டுகிறார்கள். போன மாதம் நாங்கள் எழுதிக் கொடுத்த ஒரு தாளையே அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். கைப்பிடி நீளம் 18 என்று மட்டும் எழுதியிருந்தோம். "18 என்னாது மேடம்?" என்று கேட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு பட்டா அல்லது சிட்டா நகலும், பழைய பத்திரம் இருந்தால் அதுவும் கொண்டு வாருங்கள். பிறந்த வீட்டு நிலத்தின் சர்வே எண் தெரிந்தால் அதையும் குறித்து வாருங்கள். ஹெக்டேர், ஏர் என்று இருப்பதை ஏக்கர், சென்ட்டாக மாற்றி, ஒவ்வொருவரும் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போகலாம். கால்குலேட்டர் இரண்டு நாங்கள் கொண்டு வருகிறோம். கோலமாவு உங்கள் பொறுப்பு.